ரெட்டை வீடு: ஒரே பிளானைத் திருப்பிப் போட்டால் சமமாகுமா?

அப்பா வாங்கிப்போட்ட மனை, 60-க்கு 40. சுமார் அஞ்சரை சென்ட். பிள்ளைகள் இரண்டு பேர். விற்க மனசு வராது, ஒரே வீட்டில் எல்லாரும் இருக்கவும் முடியாது. அதனால் நடுவில் ஒரு கோடு போட்டு ஆளுக்கு 20 அடி அகலம், 60 அடி நீளம், ஒட்டினாற்போல இரண்டு வீடு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் புது நகர்களில் நடந்து பார்த்தால் இந்த வகை வீடு கண்ணில் படாமல் இருக்காது. 'ரெட்டை வீடு' என்று சொல்லுவோம்.

பிளான் எப்படி உருவாகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் யோசிக்கிறார்கள். அடுத்த பக்கம் ஆட்டோகேடில் மிர்ரர் கட்டளை. இரண்டும் கண்ணாடி பிம்பம் மாதிரி வந்துவிடும். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே அளவு, ஒரே அறைகள், ஒரே செலவு. யாரும் குறை சொல்ல முடியாது என்பது கணக்கு.

ஆனால் சூரியனும் காற்றும் கண்ணாடியில் திரும்பாது. நிலத்தடி நீரும் அப்படித்தான். படத்தில் சமமாக இருக்கிற இரண்டு வீடு, குடியேறிய பிறகு சமமாக இருப்பதில்லை. ஏன், என்ன செய்யலாம் என்பதை முடிந்தவரை கணக்கோடு எழுதிவைக்கிறேன்.

பழைய தெருவும் இங்கிலாந்து பிளானும்

சுவரைப் பங்கு போடுவது நமக்குப் புதுசு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களின் அக்ரஹார வீடுகளில் இரண்டு பக்கச் சுவருமே பொதுச்சுவர். அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, நடை, கூடம், முற்றம், அடுப்படி, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி போகும். பக்கச்சுவரில் ஜன்னல் கிடையாது, விளக்கு வைக்கிற மாடம்தான் இருக்கும். அப்படியும் வீடு புழுங்காமல் இருந்ததற்குக் காரணம் முற்றம். வெளிச்சம் அது வழியாகத்தான் இறங்கும், சூடேறிய காற்றும் அது வழியாகத்தான் வெளியேறும். முற்றத்தை எடுத்துவிட்டு மேலே காங்கிரீட் போட்டு, பக்கச்சுவரை மட்டும் பழையபடி ஒட்டிக்கட்டினால் என்ன ஆகும்? அதைத்தான் இன்றைய பல ரெட்டை வீடுகளில் பார்க்கிறோம்.

இணையத்தில் 'செமி டிடாச்டு' என்று தேடினால் கிடைக்கிற பிளான்களில் பாதிக்கு மேல் இங்கிலாந்து மாதிரி. அங்கே இந்த வகைக்கு நீண்ட வரலாறு உண்டு. லண்டன் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியின் அயர் எஸ்டேட்டுக்காக 1794-இல் வரைந்த திட்டத்திலேயே ஜோடி ஜோடியாக வீடுகள் இருக்கின்றன. 1930-களில் பரவலான மாதிரியில் நடையும் மாடிப்படியும் வெளிப்பக்கம். புழங்குகிற அறைகள் பொதுச்சுவரை ஒட்டி. கணப்பு அடுப்புகள் முதுகோடு முதுகாக, புகைபோக்கி ஒன்று. குளிர் ஊரில் இது சரி. பக்கத்து வீடே போர்வை மாதிரி, பொதுச்சுவர் வெப்பத்தைக் காப்பாற்றும்.

நமக்குப் பிரச்சினை தலைகீழ். பொதுச்சுவர் என்றால் காற்றுக்கு அடைப்பு. ஆகவே அந்த பிளானை உள்வெளியாகத் திருப்பணும். நடை, படி, அலமாரி எல்லாம் பொதுச்சுவரை ஒட்டி. மனுஷங்க உட்காருகிற, படுக்கிற அறைகள் வெளிப்பக்கம். முதல் விதி இதுதான்.

20 அடிக்குள் என்ன அடங்கும்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019-இன்படி பக்கக் காலியிடம் மனையின் அகலத்தையும் கட்டிட உயரத்தையும் பொறுத்தது. அகலம் குறைந்த மனைகளுக்கு ஒரு பக்கம் விட்டால் போதும் என்ற வகையும் உண்டு. கணக்குக்காக ஒரு பக்கம் 5 அடி விடுவதாக வைத்துக்கொள்வோம். மீதி 15 அடி, அதாவது 180 அங்குலம்.

இப்போது முதல் கேள்வி: நடுவில் ஒரு சுவரா, இரண்டு சுவரா?

ஒரே 9 அங்குலச் சுவரைப் பங்கு போட்டால் ஆளுக்கு நாலரை அங்குலம். வெளிச்சுவர் 9 அங்குலம். உள் அகலம் 13 அடி பத்தரை அங்குலம். ஆளுக்கொரு 9 அங்குலச் சுவர், நடுவில் ஒரு அங்குல இடைவெளி என்றால் உள் அகலம் 13 அடி ஐந்தரை அங்குலம். வித்தியாசம் வெறும் 5 அங்குலம். செலவில் பார்த்தால் 45 அடி நீளம், இரண்டு மாடிக்கு 20 அடி உயரம், 900 சதுர அடிச் சுவர் ஒன்று கூடுதல். சுமார் 9,500 செங்கல். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி.

இந்த 5 அங்குலத்துக்கும் செங்கல்லுக்கும் கிடைக்கிறது என்ன? பில்லர், பீம், தளம் எல்லாம் தனித்தனி. நாளைக்கு ஒருவர் மூன்றாவது மாடி எடுக்கலாம், ஒருவர் விற்கலாம், ஒருவருடைய பேரன் இடித்துக் கட்டலாம். அடுத்தவர் வீடு அப்படியே நிற்கும். பழைய வீடுகளில் இரண்டு பக்க உத்திரமும் ஒரே சுவரில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் ஒரு பாகத்தைப் பிரிக்கும்போது அடுத்த பாகத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. என் கருத்து: இரண்டு சுவரே நல்லது.

சத்தத்துக்கும் இது உதவும். இருபக்கம் பூசிய ஒரு 9 அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய 50 டெசிபல் வரை குறைக்கும். பேச்சுச் சத்தம் நின்றுவிடும். ஆனால் மிக்ஸி, அம்மி, ஆணி அடிப்பது இவையெல்லாம் சுவரின் உடம்பு வழியாகவே போகிறவை. ஒரே சுவர் என்றால் அடுத்த வீட்டுக் கட்டில்வரை கேட்கும்.

இனி அறைகள். 13 அடி ஐந்தரை அங்குலத்தில் 10 அடி படுக்கையறை, நாலரை அங்குலத் தடுப்பு, 3 அடி 1 அங்குல நடை சரியாக உட்காரும். நீளம் 45 அடி என்றால் முன்னும் பின்னும் 9 அங்குலச் சுவர் போக உள்ளே 43 அடி 6 அங்குலம். முன்பக்கமிருந்து:

- பட்டாசாலை: 14 அடி நீளம், முழு அகலம்.
- நடுப்பட்டை: 10 அடி. பொதுச்சுவரை ஒட்டி 3 அடி அகலப் படி, பக்கத்தில் 3 அடி நடை, வெளிப்பக்கம் 7 அடி 1 அங்குல அகலத்தில் குளியலறையும் பூஜை அல்லது ஸ்டோரும்.
- படுக்கையறை: 10 அடிக்கு 10 அடி நாலரை அங்குலம், வெளிப்பக்கம். பொதுச்சுவரை ஒட்டி நடை.
- அடுப்படி, சாப்பிடும் இடம்: 8 அடி, முழு அகலம், பின்பக்கம்.

மூன்று தடுப்புச்சுவரையும் சேர்த்தால் 43 அடி 6 அங்குலம் சரியாக வரும். படுக்கையறை 103 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு 2016 கேட்கிற குறைந்தபட்சம் 9.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 102 சதுர அடி. தப்பித்தோம்!

படிக்கு 10 அடி உயரத்தில் 18 எட்டு, ஒவ்வொன்றும் 6.7 அங்குலம். விதித்தொகுப்பின் உச்சவரம்பு 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலம். அதற்குள்தான் இருக்கிறோம். நடுவில் 3 அடி லேண்டிங் வைத்து நேராக ஏற்றினால் 16 அடி 4 அங்குல நீளம். அதில் 6 அடி பட்டாசாலைக்குள் வரும். படியின் உயரமான முனைக்கு அடியில் தலை இடிக்காமல் நடந்து பின்பக்கம் போகலாம்.

இங்கே ஒன்று முக்கியம். படிக்கு மேலே தளத்தை முழுசாக மூடாமல் ஒரு மேடை எழுப்பி, பக்கத்தில் வெண்டிலேட்டர் வைத்தால், சூடேறிய காற்று அதன் வழியாக மேலே போகும், வெளிச்சம் கீழே இறங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் முற்றம் பார்த்த வேலையை நம் வீட்டில் படிக்கட்டு பார்க்கும்.

சூரியன் பக்கம் பார்ப்பான்

நம் இரண்டு ஊரும் ஏறக்குறைய 9.5 டிகிரி வட அட்சத்தில் இருக்கின்றன. அப்படின்னா சித்திரை முதல் நாளை ஒட்டி உச்சிவெயில் சரியாகத் தலைக்கு மேல். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது! மீதி மாதங்களில் தெற்கே. ஜூன் 21 நண்பகலில் வடக்குப் பக்கம் 76 டிகிரி உயரம், டிசம்பர் 21-இல் தெற்குப் பக்கம் 57 டிகிரி.

2 அடி சன்ஷேடு போட்டால் ஜூன் நண்பகலில் வடக்குச் சுவரில் 8 அடிக்கு நிழல் விழும். டிசம்பரில் தெற்குச் சுவரில் 3 அடிக்கு விழும், ஆனால் அது மார்கழி, கவலையில்லை. மேற்கு மட்டும் மசியாது. ஏப்ரலில் சாயங்காலம் 4 மணிக்குச் சூரியன் சுமார் 35 டிகிரியில் இருக்கும். அதே 2 அடி சன்ஷேடு தருகிற நிழல் ஒன்றரை அடிகூட இல்லை. நமக்கு மேற்கே மலை இருப்பதால் கடைசி வெயில் கொஞ்சம் முன்னதாகவே மறைந்துவிடும். ஆனாலும் 2 மணியிலிருந்து நாலரைவரை அடிக்கிறது அடித்துவிடும்.

இதை வைத்து மனையைப் பார்ப்போம்.

கிழக்கு அல்லது மேற்கு பார்த்த மனை என்றால் நடுக்கோடு கிழக்கு மேற்காக ஓடும். வடக்கு வீடு, தெற்கு வீடு என்று பிரியும். நீளமான வெளிச்சுவர் ஒருவருக்கு வடக்கு, ஒருவருக்குத் தெற்கு. இரண்டையும் சன்ஷேடால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மே, ஜூன் சாயங்காலங்களில் வடக்குச் சுவரில் சாய்வெயில் கொஞ்சம் விழும், அவ்வளவுதான். இங்கே திருப்பிப் போட்ட பிளான் பெரிய அநியாயம் செய்யாது.

வடக்கு அல்லது தெற்கு பார்த்த மனை என்றால் கதை வேறு. நடுக்கோடு வடக்கு தெற்காக ஓடும். ஒருவருக்குக் கிழக்கு வீடு, ஒருவருக்கு மேற்கு வீடு. மேற்கு வீட்டின் 45 அடி நீளச் சுவர் முழுக்க, இரண்டு மாடிக்கும் சேர்த்து 900 சதுர அடி, பிற்பகல் வெயிலைக் குடிக்கும். 9 அங்குலச் செங்கல்லில் அந்தச் சூடு உள்ளே வந்துசேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாயங்காலம் 4 மணிக்கு ஏறின சூடு ராத்திரி 10 மணிக்குப் பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இறங்கும். கிழக்கு வீட்டில் அதே சுவர் காலையில் சூடாகி, ராத்திரிக்குள் ஆறியிருக்கும். திருப்பிப் போட்ட பிளானில் இரண்டு படுக்கையறையும் வெளிச்சுவரில்தான். ஒருவர் நிம்மதியாகத் தூங்குவார், ஒருவர் ஏசி பில் கட்டுவார்.

மூத்தவர் மேற்கிலோ தெற்கிலோ இருக்கணும் என்று சொல்கிற குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. அப்பா அம்மாவும் மூத்தவரோடு இருந்தால், வயசானவர்களுக்குத்தான் அந்தச் சூட்டு அறை கிடைக்கிறது.

அதற்காக மேற்கு வீடு மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து வருகிற காற்று முதலில் அந்த வீட்டுக்குத்தான். கிழக்கு வீட்டுக்கு அதை மேற்கு வீடு மறைக்கும். வெயிலைத் தடுத்து, காற்றை வாங்கணும். அவ்வளவுதான் வேலை.

மாற்றமும் பெரிசு இல்லை. மேற்கு வீட்டில் படுக்கையறையும் அடுப்படியும் இடம் மாறினால் போதும். அடுப்படி நடுவில், மேற்குச் சுவரில். பெரும்பாலும் காலையில் புழங்குகிற இடம்தானே. படுக்கையறை பின்பக்கம், 13 அடி ஐந்தரை அங்குலத்துக்கு 8 அடி, சுமார் 107 சதுர அடி. ஜன்னல் பின்சுவரில். அந்த அறையின் மேற்குச் சுவர் முழுக்க அலமாரி கட்டிவிட்டால் துணிமணியே வெயிலுக்கு இன்னொரு தடுப்பு. ஒரு எச்சரிக்கை: அடுப்பை மேற்கு ஜன்னலுக்கு நேராக வைக்காதீங்க, ஆடிக் காற்றில் தீ நிற்காது. மேற்குப் பக்கம் விட்ட 5 அடியில் கொடிப்பந்தல் போட்டால் இன்னும் நல்லது.

இரண்டு வாஸ்து ஒரு மூலையில் மோதும்

நம்புகிறோமா இல்லையா என்பது வேறு விஷயம், வீட்டுப் பெரியவர்கள் வாஸ்து கேட்பார்கள். ஈசானி மூலையில் தண்ணீர், அக்னி மூலையில் அடுப்பு, கன்னி மூலையில் பெரிய படுக்கையறை, வாயு மூலையில் செப்டிக் டேங்க். தனி வீட்டுக்குப் பிரச்சினையில்லை. ரெட்டை வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக வாஸ்து பார்த்தால் என்ன ஆகிறது என்று ஒரே தாளில் வரைந்து பாருங்கள்.

மேற்கு வீட்டின் ஈசானி மூலையும் கிழக்கு வீட்டின் வாயு மூலையும் ஒரே புள்ளி. நடுக்கோட்டின் வடக்கு முனை. அதாவது அண்ணனின் போர்வெல்லும் தம்பியின் செப்டிக் டேங்கும் தோளோடு தோள் நிற்கும். இரண்டு பிளானும் தனித்தனியாகச் சரி. சேர்த்துப் பார்த்தால் குடிக்கிற தண்ணீரில் கழிவு.

வடக்கு வீடு, தெற்கு வீடு என்று பிரித்தாலும் மோதல் உண்டு. வடக்கு வீட்டின் கன்னி மூலையும் தெற்கு வீட்டின் வாயு மூலையும் ஒட்டும். ஒருவர் தலைவைத்துப் படுக்கிற சுவருக்கு அந்தப்புறம் அடுத்தவர் கழிப்பறை.

செப்டிக் டேங்கிலிருந்து வருகிற நீரை மண்ணில் விடுகிற உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்கணும் என்கிறது ஐ.எஸ். 2470. சுமார் 59 அடி. நம் மனையின் முழு நீளமே 60 அடி, மூலைக்கு மூலை 72 அடி. இரண்டு பேரும் போரை ஒரே முனையில், குழியை எதிர்முனையில் வைத்தால் 55 அடி அளவுக்காவது கிடைக்கும். இன்னும் நல்ல வழி, முழு மனைக்கும் ஒரே போர், ஒரே குழி, எதிரெதிர் மூலையில். தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் அதில் இணைத்துவிட்டு இந்தத் தலைவலியையே விட்டுவிடலாம். அக்கம்பக்கத்து மனைக்காரர்களின் போர் எங்கே இருக்கிறது என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளணும். வாஸ்து கட்டாயம் என்றால் முழு மனையை ஒரே வீடாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மோதல் பாதி குறையும்.

மண்ணுக்குள்ளும் பத்திரத்திலும்

இரண்டு வீடும் ஒரே நேரத்தில் எழும்பினால் நடுக்கோட்டுப் பில்லர் ஜோடிகளுக்கு ஒரே சேர்ந்த பூட்டிங் போடலாம். ஒருவர் இப்போது, ஒருவர் ஐந்து வருஷம் கழித்து என்றால் பூட்டிங் கோட்டைத் தாண்டக்கூடாது. பில்லர் ஓரத்தில் நிற்கும். அதை உள்பில்லரோடு ஒரு பீம் போட்டுக் கட்டணும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் இல்லாமல் இதைச் செய்யாதீங்க. பின்னால் கட்டுபவர் முதல் வீட்டின் அஸ்திவாரத்தைவிட ஆழமாக ஒட்டி வானம் தோண்டினால் முதல் வீட்டின் காலடி மண் சரியும். ஆழத்தை முதலிலேயே எழுதிவைப்பது நல்லது. கரிசல் மண் என்றால் இன்னும் கவனம்.

நடுவில் விட்ட ஒரு அங்குல இடைவெளிக்குத் தெர்மோகோல் அடைத்து, மேலே கைப்பிடிச்சுவர் மட்டத்தில் தகடு போட்டு மூடணும். இல்லாவிட்டால் ஐப்பசி மழை உள்ளே இறங்கி இரண்டு வீட்டுச் சுவரிலும் ஓதம் ஏறும். மொட்டைமாடி வாட்டம் நடுக்கோட்டை விட்டு விலகி வெளிப்பக்கம் ஓடணும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம், அந்தக் குழாயும் வெளிப்பக்கமே.

அனுமதிக்கு இப்போது வழி எளிது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிவரை உள்ள மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிவரை கட்டுகிற வீட்டுக்கு ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கிறது. ஆளுக்கு 1,200 சதுர அடி மனை, 1,350 சதுர அடி வீடு என்பதால் அளவு அடங்கும். ஆனால் பெயரே சுயசான்று. பிளான் விதிப்படி இருக்கிறது என்று சொல்வது நாம், பிசகினால் பொறுப்பும் நமக்கு. அதற்கு முன்னால் பாகப்பிரிவினை, உட்பிரிவு, தனிப்பட்டா முடிந்திருந்தால் வங்கிக் கடனுக்கும் அலைச்சல் குறையும்.

இங்கிலாந்தில் பொதுச்சுவருக்கென்றே 1996-இல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நமக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1882-இன் இந்திய ஈஸ்மென்ட் சட்டம் இருக்கிறது. கூட்டுச் சொத்தைப் பிரிக்கும்போது ஒருவர் பாகத்துக்கு அவசியமாக அடுத்தவர் பாகத்தில் தொடர்கிற வழி, வடிகால் போன்றவற்றை அதன் 13-வது பிரிவும், 20 வருஷம் தடையின்றி அனுபவித்த வெளிச்சம், காற்றை 15-வது பிரிவும் பேசுகின்றன. எழுதாமல் விட்டதையெல்லாம் கோர்ட்டில் போய் இந்தப் பிரிவுகளுக்குள் தேட வேண்டியிருக்கும். சகோதரர்களுக்குள் இன்று சண்டை இல்லை. அடுத்த தலைமுறையில் அந்தப் பக்கம் இருக்கப்போவது தம்பிதான் என்று யார் சொன்னது?

அதனால் பாகப்பிரிவினைப் பத்திரத்தில், வரைபடத்தோடு, இவை இருக்கட்டும்:

1. நடுச்சுவர் ஒன்றா இரண்டா, யாருடையது, எவ்வளவு கனம்.
2. பூட்டிங் சேர்ந்ததா. இடித்துக் கட்டினால் தரைக்குக் கீழே தொடக்கூடாது என்ற ஒப்பந்தம்.
3. இடைவெளித் தகட்டின் பராமரிப்பு யார் செலவு.
4. போர், சம்ப், செப்டிக் டேங்க், குழாய் போகிற பாதை, பொது என்றால் கரண்ட் பில் பங்கு.
5. நடுச்சுவரில் தண்ணீர்க் குழாய், எதிரெதிர் சுவிட்ச் பாக்ஸ் குழி இரண்டும் கூடாது.
6. மேற்கு வீட்டுக்காரருக்குக் கூடுதலாக ஆகிற தடுப்புச் செலவைப் பங்கில் சேர்ப்பதா.

ஆறாவதைப் படித்ததும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்து பங்கு போடுகிற நாம், 900 சதுர அடி வெயிலைக் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டில் பேச்சைத் தொடங்கும்போது இரண்டு பிளானையும் ஒரே தாளில், வடக்குக் குறி போட்டு வரைந்து மேசையில் வையுங்கள். யாருக்கு எந்தப் பக்கம் என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.